முழு விலையை முதலிலேயே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மூன்று கிழமையாக எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. வருகிற தை 28 அம்மா அப்பாவின் 50வது கல்யாண நாள். அப்பா இந்த ரொறன்ரோ ஸ்காபறோவில் முப்பது வருடம் இரவு வேலை செய்த மனுசன். தை மாதக் குளிரில் விடியப்புறம் பஸ் தரிப்பில் நின்று நின்றே முழங்கால் இரண்டும் போய்விட்டன. அவரை ஒரு தடவையாவது தை மாதத்தில் வெயில் காயும் கடற்கரையில் கொண்டுபோய் இருத்த வேண்டும் என்று நானும் தம்பியும் முடிவெடுத்தோம். இரண்டு வருடம் கட்டிய சீட்டை இதற்கென்றே எடுத்தேன். மலிவாக எதுவும் வேண்டாம். வாழ்க்கையில் ஒருமுறை, ஒரு கிழமை, முதல்தரமான இடம். காசு கையில் இருக்கிறது, கட்டத் தயாராக இருக்கிறேன். எவ்வளவு கட்ட வேண்டும் என்று மட்டும் ஒருத்தரும் நேராகச் சொல்கிறார்கள் இல்லை!

கரீபியன் தீவான செயின்ட் லூசியாவைத் தெரிவுசெய்தது அம்மா. கடலுக்குள்ளிருந்து இரண்டு கூர்மலைகள் எழும்பி நிற்கிற படத்தைத் தம்பியின் போனில் பார்த்தவுடன், "இதை நேரிலை பாக்கவேணும் பிள்ளை" என்றா. குரோ பிட்டோன், பெட்டி பிட்டோன். இரண்டும் 700 மீற்றருக்கு மேல் உயரம். 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்துப் பட்டியலில் சேர்த்த இடம். அந்த நாட்டின் கொடியில் இருக்கும் முக்கோணங்களே இந்த மலைகள்தான். அம்மா வாய்திறந்து ஒன்றைக் கேட்பதே அபூர்வம். அதனால் வேறு தீவைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை.

பயணம் விற்கிற ஒரு தளத்தில் அதே மலைப்படத்தைப் பெரிதாகப் போட்டு ஒரு ரிசோர்ட். "ஓல் இன்க்ளூசிவ், ஓர் இரவு 329 டொலர் முதல்." சாப்பாடு உட்பட எல்லாம் அடக்கமாம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஏழு இரவு, 2,303 டொலர். சமையலறை மேசையில் ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். அந்த உறை இப்போதும் என் முன்னால் கிடக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

முதலாவது, அந்த 329 ஓர் அறைக்கு அல்ல, ஓர் ஆளுக்கு. இரண்டாவது, அது அமெரிக்க டொலர். கனடாவில் இருக்கிற ஆளுக்குக் கனடாப் பக்கத்தைக் காட்டிவிட்டு வெறும் டொலர் குறியைப் போட்டால் எதை நினைப்பேன்? மூன்றாவது, "முதல்" என்ற அந்தச் சின்னச் சொல். அது புயல் காலத்து விலை. தை மாதத்துக்கு ஆளுக்கு 480. இரண்டு பேருக்கு ஏழு இரவு 6,720. அதற்கு மேல் வரியும் சேவைக் கட்டணமும் 1,142. அதற்கு மேல் ஒரு நாளைக்கு 45 படி "ரிசோர்ட் கட்டணம்" 315. ரிசோர்ட்டில் தங்கத்தானே 6,720 கட்டுகிறேன், பிறகு எதற்கு இந்த ரிசோர்ட் கட்டணம்? கேட்டால் இணையத்துக்கும் கடற்கரைத் துவாய்க்குமாம். விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போக 180. தீவின் சுற்றுலா வரி 84. எல்லாம் கூட்டினால் 8,441 அமெரிக்க டொலர், எங்கள் காசில் கிட்டத்தட்ட 11,800. கடனட்டைக்காரன் அந்நியச் செலாவணிக்கென்று எடுக்கிற 2.5 வீதம் வேறு. உறையில் 2,303 என்று எழுதிய இடத்திலிருந்து இங்கே வந்து சேர எனக்கு ஐந்து பக்கமும் ஒன்றரை மணி நேரமும் பிடித்தது. இவ்வளவு நேரமும் மேல் மூலையில் "இன்னும் 2 அறைகளே உள்ளன" என்று சிவப்பு எழுத்து, பக்கத்தில் பின்னோக்கி ஓடுகிற மணிக்கூடு. தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கப் போன் எடுத்தேன், அதற்குள் நேரம் முடிந்ததென்று முதல் பக்கத்துக்கே தள்ளிவிட்டது. மறுநாள் பார்த்தேன். அப்போதும் 2 அறைதான். அதற்கடுத்த நாளும் 2 அறைதான்.

கல்யாண நாளன்று கடலோரம் சாப்பிட ஓர் உணவகம் படத்தில் இருந்தது. அது இந்த ஓல் இன்க்ளூசிவுக்குள் வராது. சிங்க இறால் வேண்டுமென்றால் தனிக் காசு. பிறகு "எல்லாம் அடக்கம்" என்று எதைச் சொல்கிறீர்கள்?

காசையாவது விடுவோம். இடத்தைப் பற்றியே பொய்! "விமான நிலையத்திலிருந்து 20 நிமிடம்" என்று போட்டிருந்தார்கள். அப்பாவின் முழங்காலுக்கு அதுதான் முக்கியம். அந்தத் தீவில் இரண்டு விமான நிலையங்கள். தலைநகர் கஸ்ட்ரீஸில் இருக்கிற சின்னது சிறிய விமானங்களுக்கு. ரொறன்ரோ விமானம் இறங்குவது தெற்குக் கோடியில், வியூ ஃபோர்ட்டில், ஹெவனோரா நிலையத்தில். ரிசோர்ட்டோ வடக்கு முனையில், ரொட்னி பே என்ற இடத்துக்குக் கிட்ட. மலைக்கு மேலால் வளைந்து வளைந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். 20 நிமிடம் என்றது நாங்கள் இறங்கவே முடியாத நிலையத்திலிருந்து! அம்மா ஆசைப்பட்ட மலைகளோ தென்மேற்கில், சூஃப்ரியர் பக்கம். அந்த ரிசோர்ட்டின் எந்த யன்னலாலும் அவை தெரியாது. தெரியாத மலையை ஏன் முகப்பில் போடுகிறீர்கள்? இதை நான் தற்செயலாக வரைபடத்தைத் திறந்து பார்த்ததால்தான் கண்டுபிடித்தேன். பார்க்காமல் காசைக் கட்டியிருந்தால், அங்கே போய் நின்று அம்மா "மலை எங்கை பிள்ளை?" என்று கேட்டிருப்பா. முற்பணமும் திரும்பி வராது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இதில் அந்தத் தீவின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆளுக்கு ஓர் இரவு 6 டொலர் சுற்றுலா வரி, 120 டொலருக்குக் குறைந்த அறையென்றால் 3, பன்னிரண்டு வயதுக்குக் கீழே இல்லை. 2020இல் கொண்டுவந்தார்கள், எல்லாரும் பார்க்கத் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். வாழைக்குலை ஏற்றி வாழ்ந்த சனம், அந்தச் சந்தை கையைவிட்டுப் போன பிறகு சுற்றுலாவை நம்பி நிற்கிறது. அந்த 84 டொலரை நான் மனதாரக் கொடுப்பேன். முழுக் கணக்கிலும் ஒளிவுமறைவில்லாமல் இருந்தது அந்த ஒரு வரிதான். ஒளித்து வைப்பவர்கள் இடையில் நின்று விற்பவர்கள்.

முடியாத காரியத்தையா கேட்கிறேன்? விமானச் சீட்டுக்கு முழு விலையையும் காட்டித்தான் விளம்பரம் செய்யலாம் என்று கனடாவில் 2012இலேயே விதி வந்துவிட்டது. விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது ஏமாற்று என்று 2022இல் போட்டிச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவிலும் 2025இலிருந்து தங்குமிடங்களுக்கு மொத்த விலையை முன்னாலேயே காட்ட வேண்டும். கட்டணம் வாங்காதே என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒளிக்காதே என்றுதான் சொல்கிறார்கள். இந்த விற்பனைத் தளத்துக்குப் போன் எடுத்து 47 நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு வந்தவர், "எல்லாம் விதிமுறைப் பக்கத்தில் இருக்கிறது மேடம்" என்றார். இருந்தது. 19 பக்கம். அப்பாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

கடைசியில் சூஃப்ரியரில் மலைக்கு நேர் எதிரே இருக்கிற ஒரு சிறிய ஹோட்டலுக்கு நேரடியாகவே போன் எடுத்தேன். எடுத்த பெண் திகதியைக் கேட்டா, எத்தனை பேர் என்று கேட்டா, அப்பாவுக்கு எத்தனை படி ஏறலாம் என்றும் கேட்டா. பத்து நிமிடத்தில் மின்னஞ்சல் வந்தது. ஒரே தொகை, எல்லா வரியும் சேர்த்து, கார் அனுப்புகிற காசும் சேர்த்து. கொஞ்சமும் மலிவில்லை. ஆனாலும் பார்த்தவுடன் எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவுதானே நான் கேட்டது!

அன்றிரவே விமானச் சீட்டு எடுக்கப் போனேன். இந்த மூன்று கிழமைக்குள் ஆளுக்கு 212 டொலர் ஏறியிருந்தது. அம்மா அப்பாவோடு நாங்களும் தம்பி வீட்டாரும் போவதால் எட்டுப் பேர். இந்த 1,696 டொலரை நான் யாரிடம் போய்க் கேட்க?