எஃகு சுழற்சியில் செம்பை மறந்துவிட்டீர்கள்
எஃகை எத்தனை முறையும் உருக்கலாம், பழைய இரும்புச் சேகரிப்பைக் கூட்டினால் போதும் என்கிறது எஃகு மறுசுழற்சி பற்றிய உங்கள் கட்டுரை. எடைக்கணக்கில் சரி, தரக்கணக்கில் தவறு. பழைய கார்களை வயர், சிறு மோட்டார்களோடு அப்படியே நொறுக்கினால் செம்பும் இரும்போடு உலைக்குப் போகிறது. ஆக்சிஜன் ஊதினால் சிலிக்கான் கசடாகப் பிரியும். செம்போ இரும்புக்கு முன்னால் ஆக்சிஜனேற்றம் அடையாது, உருகலிலேயே தங்கிவிடும். கட்டுமானக் கம்பி சுமார் 0.4 சதவீதம் வரை செம்பைத் தாங்கும். கார் உடலுக்கு ஆழமாக அழுத்தி வடிக்கும் தகட்டுக்கோ 0.06 சதவீதமே வரம்பு. அளவு கூடினால் சூடாக உருட்டும்போது செம்பு இரும்பின் மணி எல்லைகளில், அதாவது அதன் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில், ஊடுருவி, மேற்பரப்பில் வெடிப்பு விழும். அதனால்தான் ஆலைகள் தாதுவிலிருந்து எடுத்த புது இரும்பைக் கலந்து நீர்க்கச் செய்கின்றன. அதையா சுழற்சி என்பது? நொறுக்கும் முன்பே வயர்க்கட்டையும் மோட்டாரையும் கழற்றியாக வேண்டும். எந்தப் பொருள் எவ்வளவு எங்கே போகிறது என்று காட்டும் பொருளோட்டக் கணக்கிலும் டன்னுக்குப் பக்கத்தில் செம்பு சதவீதத்தையும் எழுதுங்கள்.