"இனிமேலாவது ஓய்வெடு" என்று சொல்லாதீர்கள்

அம்மா இறந்து 11 மாதங்கள் ஆகின்றன. இத்தனை நாள் இதைப் பற்றி எதுவும் எழுதவில்லை, எழுத வரவில்லை. போன வாரம் நண்பர் ஒருவர் தன் அப்பாவை இழந்தார். ஆறு வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் அவர் தோளைத் தொட்டு, "நீ செய்யவேண்டியதெல்லாம் செஞ்சுட்டே, இனிமேலாவது கொஞ்சம் ஓய்வெடு" என்று சொல்லிவிட்டுப் போனதை ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடமும் இதையேதான் சொன்னார்கள். அன்பில் சொல்வதுதான், எனக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தை எங்கே போய்க் குத்துகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றிலிருந்து மனது அடித்துக்கொள்கிறது.

அம்மாவுக்குப் பக்கவாதம். இடது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சு குழறியது, பிறகு மெல்ல மெல்ல அதுவும் குறைந்தது. நான்கு வருடம் படுக்கை. படுக்கையில் கிடப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும், வந்த புண் ஆறுவதற்குள் நம் உயிர் போய்விடும். டயப்பர், யூரின் ட்யூப், மாத்திரை டப்பா, எத்தனை மில்லி சிறுநீர் போனது என்ற கணக்கு, ஒவ்வொரு வாயாக ஊட்டி புரையேறாமல் விழுங்குகிறாளா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பது. இதற்காகவே வேலையை விட்டேன். யாராவது "என்ன பண்றீங்க" என்று கேட்டால் "அம்மாவைப் பாத்துக்கறேன்" என்பதுதான் நான்கு வருடமாக என் பதில். அதற்குள்ளேயே நான் என்கிற ஆளும் இருந்தேன்.

அம்மா போன அன்று இரவு இரண்டு மணிக்குப் போனில் அலாரம் அடித்தது. திருப்பிப் படுக்க வைக்கும் அலாரம். அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. மூன்று வாரம் அது தினமும் அடித்தது, தினமும் எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம் ஒருநாள் நிறுத்தினேன், ஆனால் உடம்பு அதுவாகவே இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டது. இன்றும் பல நாள் அப்படித்தான். ஓய்வெடு என்கிறார்களே, யாரிடம் சொல்கிறார்கள்? நான்கு வருடம் ஒரு காதைத் திறந்து வைத்துத் தூங்கிய உடம்புக்கு, இனிமேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று எப்படிப் புரியவைப்பது?

பெற்றவரைப் பார்த்துக்கொண்டவர் அவரை இழக்கும்போது இழப்பது ஒரு ஆளை மட்டும் இல்லை என்று சொல்லவருகிறேன். காலையில் எழுந்ததும் கால் எந்த அறைக்குப் போகவேண்டும் என்பதை இழக்கிறார். தன் கைகளுக்குத் தெரிந்த வேலையை இழக்கிறார். டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரர், பிசியோதெரபிக்கு வருபவர் என்று தினம் பேசிய மனிதர்கள் எல்லோரும் ஒரே நாளில் நின்றுவிடுகிறார்கள். நோயாளிக் கட்டிலை எடுத்துக்கொண்டு போன பிறகு தரையில் நான்கு சக்கரத் தடம் மட்டும் இருந்தது. அந்த அறையில் திடீரென்று அவ்வளவு இடம். எனக்கு அந்த இடத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

இன்னொன்று உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தயங்கினேன். அம்மாவின் மூச்சு நின்றது தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. "அப்பாடா" என்று ஒன்று உள்ளே இறங்கியது. ஒரு நொடியோ இரண்டு நொடியோ. அந்த இரண்டு நொடியை மாதக்கணக்காகச் சுமந்தேன். பெற்ற தாய் செத்ததற்கு நிம்மதிப்பட்டவள் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். அழ வரும்போதெல்லாம், உனக்கு அழ என்ன உரிமை இருக்கிறது என்று உள்ளே ஒரு குரல் கேட்கும்.

நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் 2003-ல் வந்த ஒரு ஆய்வைப் பற்றித் தற்செயலாகப் படித்தேன். மறதிநோய் வந்த உறவினரை வீட்டில் பார்த்துக்கொண்டு, பிறகு அவர்களை இழந்த 217 பேரைப் பற்றிய ஆய்வு. அவர்களில் பாதிப் பேர் வாரத்துக்கு 46 மணி நேரமாவது பராமரிப்பில் செலவிட்டவர்கள். அந்த மரணம் தங்களுக்கு ஒரு நிம்மதியாக இருந்தது என்று சொன்னவர்கள் 72 சதவீதம். இறந்தவருக்கே அது விடுதலைதான் என்று நினைத்தவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். 72 என்ற அந்த எண்ணை எத்தனை முறை திரும்பத் திரும்பப் படித்தேன் என்று தெரியாது. நூற்றில் எழுபது பேருக்கு மேல் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்களா? அவர்களும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தவர்கள்தானே. நான் நிம்மதிப்பட்டது அம்மா இல்லாமல் போனதற்காக இல்லை, அவள் முனகல் நின்றதற்காக. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு அரை வருடம் ஆனது. இதைப் படிப்பவர்களில் யாராவது அந்த "அப்பாடா"வை மனதுக்குள் பூட்டி வைத்திருந்தால், தயவுசெய்து நம்பும் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குற்ற உணர்ச்சிக்கு ஒரு காரணம் போனால் இன்னொரு காரணம் தானாகக் கிடைக்கும், அது வேறு. கடைசி வாரத்தில் அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள், எதுவும் வாங்கவில்லை. கெஞ்சினேன், ஒருநாள் கத்தியும் விட்டேன். உடம்பு தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும் நேரத்தில் பசியும் தாகமும் அடங்குவது இயல்பு, அப்போது வற்புறுத்தி ஊட்டினால்தான் புரையேறி ஆபத்து என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. கடைசி இரண்டு நாள் மூச்சோடு சேர்ந்து தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். மூச்சுத் திணறித் தவிக்கிறாள் என்றே நினைத்து நான் துடித்தேன். அம்மா போய் நான்கு மாதம் கழித்து, வலி தணிப்பு சிகிச்சையில் வேலை செய்யும் ஒரு நர்ஸம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக விளக்கினார்: விழுங்கும் சக்தி போனபின் தொண்டையில் தங்கும் எச்சிலும் சளியும் மூச்சில் அசைவதுதான் அந்தச் சத்தம், அந்த நேரத்தில் பெரும்பாலும் ஆழ்ந்த மயக்கத்தில்தான் இருப்பார்கள், கேட்கிற நமக்குத்தான் அது வேதனை. இதை முன்பே யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருந்தால் எனக்கு எத்தனை இரவுகள் மிச்சமாகியிருக்கும். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்புகிறவர்கள் மருந்துச் சீட்டோடு இதையும் சொல்லி அனுப்ப வேண்டாமா? எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு.

அந்தக் கடைசி மூச்சின்போது நான் பக்கத்தில் இல்லை. நான்கு வருடம் இருந்தேன், துணி மாற்றிக்கொண்டு வரப் போன பத்து நிமிடத்தில் போய்விட்டாள். இதே கதையை இதுவரை நான்கைந்து பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள், அந்த நர்ஸம்மாவும் பல வீடுகளில் பார்த்திருப்பதாகச் சொன்னார். சிலர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் கிளம்புவார்கள் போலிருக்கிறது என்றார். உண்மையா தெரியாது. நம்பிக்கொள்கிறேன்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, மறுப்பு, கோபம் என்று ஆரம்பித்துக் கடைசியில் ஏற்றுக்கொள்வதில் முடியும் என்று ஆறுதல் சொல்ல வந்த ஒருவர் விளக்கினார், நான் இப்போது மூன்றாவதில் இருக்கிறேனாம். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969-ல் எழுதிய நூலிலிருந்து வந்தது அது. அவர் அதை எழுதியது மரணத்தை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளிடம் பேசி, அவர்கள் மனநிலையைப் பற்றி. பின்னால்தான் அது பிரிவில் தவிக்கும் எல்லோருக்கும் பொருந்தும் ஏணி மாதிரி ஆகிவிட்டது. என் அனுபவத்தில் ஏணி எதுவும் இல்லை. திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டவளாக இருப்பேன், செவ்வாய்க்கிழமை டிராயரில் பாதி தீர்ந்த களிம்பு ட்யூப் ஒன்று கையில் பட்டால் முதல் நாளுக்கே போய்விடுவேன். இதற்குக் கொஞ்சம் கிட்ட வருவது மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1999-ல் சொன்னது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வருவார், ஒருநேரம் இழப்புக்குள் மூழ்குவார், இன்னொருநேரம் பில் கட்டுவது, புது வேலை தேடுவது, ஏன், சிரிப்பது என்று வாழ்க்கைப் பக்கம் வருவார், இந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம் என்பது அவர்கள் பார்வை. எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. அழுதுகொண்டே இருக்கவும் வேண்டாம், அழுகையை முடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்றும் இல்லை.

அதேசமயம் எல்லாம் காலம் ஆற்றிவிடும் என்று விட்டுவிடவும் கூடாது. ஒரு வருடத்துக்கு மேலாகியும் ஏக்கம் அநேகமாகத் தினமும் அதே கூர்மையில் இருந்து, எழுந்து அன்றாடக் காரியம் செய்யவே முடியவில்லை என்றால், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022 முதல் அதைச் சிகிச்சை தேவைப்படும் நீடித்த துக்கமாகவே கணக்கில் எடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அந்தக் கெடு ஆறு மாதம். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் எந்தக் கெடுவுக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். நான் ஏழாவது மாதத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. போனது நல்லதாகப் போயிற்று. கூடவே உடம்பையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள், நான்கு வருடம் அம்மாவின் ரத்த அழுத்தத்தைத் தினம் பார்த்த நான் என்னுடையதை ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை.

அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. தூரத்தில் இருந்தவன், போனில் மட்டும் கேட்டுக்கொண்டவன். அவன் வந்து விழுந்து அழுதபோது எனக்கு ஆத்திரமாக வந்தது, இப்போது எதற்கு அழுகிறாய் என்று. இப்போது அந்த ஆத்திரம் பாதி போய்விட்டது. அவனுக்கு இருப்பது நோய்க்கு முந்தைய அம்மா, நடக்கிற, திட்டுகிற அம்மா. எனக்குக் கண்ணை மூடினால் படுக்கையில் இருக்கும் முகம் மட்டும்தான் வந்தது. பார்த்துக்கொண்டவருக்கு இது பெரிய அநியாயம். கூடவே இருந்ததற்குக் கூலியாகக் கடைசி முகம் முந்தைய எல்லா முகங்களையும் மறைத்துவிடுகிறது. அவனிடம்தான் கேட்டுக் கேட்டு பழைய அம்மாவை வாங்கிக்கொள்கிறேன்.

சரி, ஓய்வெடு என்று சொல்லாமல் வேறு என்னதான் சொல்வது என்று கேட்பீர்கள். இறந்தவரைப் பற்றிக் கேளுங்கள். அந்தக் கடைசி இரவு என்ன நடந்தது என்று கேளுங்கள், பத்தாவது தடவை சொன்னாலும் கேளுங்கள். கூட்டம் கலைந்த மூன்றாவது மாதத்தில் ஒரு போன் செய்யுங்கள். தூக்கம் வருகிறதா என்று விசாரியுங்கள், இரவு விழித்திருந்தால் என்னைக் கூப்பிடு என்று ஒருத்தி எனக்குச் சொன்னாள், இரண்டு முறைதான் கூப்பிட்டேன், ஆனால் கூப்பிடலாம் என்பதே போதுமாக இருந்தது.

போன மாதம் பழைய பராமரிப்பு நோட்டுகளை எடுத்தேன். மொத்தம் ஒன்பது நோட்டு. தூக்கிப்போடத்தான் எடுத்தேன். எல்லாப் பக்கத்திலும் என் கையெழுத்தில் எண்கள், நேரம், மில்லி, மாத்திரை, ரத்த அழுத்தம். இரண்டாவது நோட்டில் ஒரு நாள்: "காலை 6.40, 350 மில்லி. 7.15, பி.பி. 150/90. 10.30, அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள்." அதற்கு அடுத்த வரி மறுபடியும் மாத்திரை. எதற்குச் சிரித்தாள் என்று எழுதவில்லை. அந்த நாளை எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை, ஜன்னலுக்கு வெளியே எதையாவது பார்த்தாளோ, நான்தான் ஏதாவது சொன்னேனோ. அண்ணனிடமும் கேட்டேன், அவனுக்கும் தெரியாது. நோட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அந்தச் சிரிப்பு என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.