கரப்பானுக்கு 30 கிராம் டியூப் போதாது

கைக்குழந்தையின் கன்னம் சொரசொரத்து, நீர் கசிந்து, ராத்திரியெல்லாம் சொறிந்தால் நம் வீடுகளில் முதலில் கை வைப்பது தாயின் தட்டில்தான். கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் கரப்பான் பண்டம் என்று நிறுத்திவிடுவார்கள். பால் கொடுக்கிறவள் மெலிவாள், குழந்தையின் தோல் அப்படியே இருக்கும். டாக்டர்கள் அடோபிக் டெர்மடைட்டிஸ் என்று சொல்லும் இந்தக் கரப்பானில் தோலின் காப்பு அடுக்கே பலவீனம். அதனால் ஈரம் வெளியேறுகிறது. சோப்பும் தூசியும் கிருமியும் உள்ளே நுழைகின்றன. சொறியச் சொறிய அந்த அடுக்கு இன்னும் கிழிகிறது.

இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை தேவையில்லை. அரிப்பு கட்டாயம் இருக்கும். கைக்குழந்தைக்குக் கன்னம், நெற்றி, கை கால்களின் வெளிப்பக்கம். வளர்ந்த பிள்ளைக்கு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம். டயப்பர் கட்டும் இடம் பெரும்பாலும் தப்பிவிடும். நம் நிறத்தில் சிவப்பைத் தேடாதீர்கள். கருத்த, சாம்பல் பூத்த, பொரிப்பொரியான திட்டாகத்தான் தெரியும்.

வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரி அரிக்கிறதா? விரலிடுக்கில், குழந்தையின் உள்ளங்காலில் பொரி இருக்கிறதா? அப்படியானால் தோலுக்குள் நுழையும் நுண்பூச்சியால் வரும் சொறி சிரங்காக இருக்கலாம். அதன்மேல் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் அரிப்பு அடங்கும், பூச்சி அடங்காது. அதற்கு டாக்டர் தரும் மருந்தை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும்.

கரப்பான்தான் என்று உறுதியானால், பெரும்பாலும் தோற்பது அளவில். உடம்பு முழுக்க வறண்ட குழந்தைக்கு வாரம் 250 கிராம் மாய்ச்சரைசர், அதாவது தோலின் ஈரம் காக்கும் கிரீம், வேண்டும். 30 கிராம் டியூபை ஒரு மாதம் ஓட்டினால் அது மருத்துவமே ஆகாது. விலை கட்டாதென்றால் வாசனை சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியை டப்பாவாக வாங்குங்கள். வெயில் காலத்தில் அது பிசுபிசுத்து வியர்வையோடு அரிக்கும். பகலில் கிரீம், இரவில் ஜெல்லி என்று மாற்றிக்கொள்ளலாம். வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடம் குளியல், ஒற்றித் துடைத்தல், ஈரம் காயுமுன் பூசுதல். கடலைமாவும் நலங்குமாவும் போட்டுத் தேய்க்கவே கூடாது.

கரப்பான் திட்டை ஆற்ற டாக்டர் எழுதும் ஸ்டீராய்டுக்குப் பயந்து பட்டாணியளவு தொட்டு, இரண்டு நாளில் நிறுத்தினால் திட்டு திரும்பி வரும். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை களிம்பைப் பிதுக்கினால் அது ஒரு விரல் நுனி, அரை கிராம்; விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். ஒரு வயதுக் குழந்தைக்குத் தோளிலிருந்து விரல் வரை ஒரு கை முழுக்கப் புண் என்றால் ஒன்றரை விரல் நுனி. முகத்துக்கு ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மென்மையானது, உடம்புக்கு டாக்டர் எழுதும் நடுத்தர வீரியம். தடவிப் பார்த்தால் திட்டு வழவழப்பாக வேண்டும், அதுவரை விடக்கூடாது. "லேசாகத் தடவவும்" என்று மட்டும் சீட்டில் எழுதுவதை டாக்டர்களும் நிறுத்த வேண்டும். எத்தனை விரல் நுனி, எத்தனை நாள் என்று எழுதினால்தான் தாய்க்குப் புரியும்.

மருந்துக் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும், குளோபெட்டசால் என்ற மிக வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த டியூப் வேறு விஷயம். அதைக் குழந்தையின் முகத்தில் வைக்கவே வைக்காதீர்கள், தோல் மெலிந்துபோகும். ஆறிய இடத்தில் வரும் வெளிறிய திட்டு பெரும்பாலும் புண்ணின் தடம்தான், சில மாதங்களில் நிறம் திரும்பும்.

காய்ச்சலோடு, குத்தியெடுத்தது போல ஒரே அளவில் சின்னச் சின்னக் குழிப்புண்கள் திடீரென்று பரவினால் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். காலை வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.