பேசாதிருப்பதை நல்ல பழக்கம் என்று எண்ணிவிட்டோம்

கருத்துச் சுதந்திரம் என்றதும் நம்மில் பலருக்குப் பத்திரிகையாளரும் கவிஞரும் மேடைப் பேச்சாளருமே நினைவுக்கு வருகிறார்கள். திருகோணமலையில் வாழ்கிறவர்கள் அப்படி நினைப்பதற்குப் போதிய காரணம் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி நமது கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் உடல்களில் இருந்த சூட்டுக் காயங்களைக் காட்டி அந்தக் கதையைப் பொய்யாக்கின. அதே மாதம் 24ஆம் திகதி காலை வேலைக்குப் புறப்பட்ட அவர் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. மாணவர்களின் வழக்கிலும், போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் சந்தேகநபர்கள் 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள்.

இவர்களை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், நினைவுகூரத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காலம் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் விட்டுச்சென்ற பழக்கத்தைப் பற்றி நாம் கதைப்பதில்லை. சந்தியில் நிற்காதே, கண்டதை வெளியில் சொல்லாதே, யார் கேட்டாலும் தெரியாது என்று சொல் என்று அன்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த தாய்மாரை நான் குறை கூற மாட்டேன். அந்த அறிவுரையால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் பல. போர் 2009இல் முடிந்தது. அறிவுரை மட்டும் முடியவில்லை. அச்சத்தினால் வந்த மௌனத்துக்கு அடக்கம் என்றும் மரியாதை என்றும் நல்ல வளர்ப்பு என்றும் பெயர் வைத்துக்கொண்டோம். போரைக் காணாத பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைக்கு உயர்தரத்தில் எந்தத் துறை என்பதை மாமாவும் சித்தப்பாவும் கூடித் தீர்மானிக்கிறார்கள்; தனக்குச் சித்திரம் படிக்க விருப்பம் என்ற ஒரு வசனம் அந்தப் பிள்ளையின் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பேசி முற்றாக்கப்பட்ட கல்யாணத்தில் விருப்பமில்லை என்று சொல்ல முடியாத பெண், அதைச் சொல்ல முடியாமலே இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிடுகிறாள். நுண்கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் எடுத்த பெண், கிழமை தவறாமல் வாசலுக்கு வரும் அறவீட்டாளருக்கு அஞ்சுவதைவிடத் தன் வீட்டாரிடம் அதைச் சொல்வதற்கே அதிகம் அஞ்சுகிறாள். முதல் தவணை தவறிய அன்றே சொல்லியிருந்தால், ஒரு சோடி தோட்டோடு முடிந்திருக்கக்கூடிய கடன் அது. துன்பம் சிறிதாக இருக்கும்போதே வெளியே தெரியவருவதற்கு மனிதரிடம் உள்ள ஒரே வழி வாய்விட்டுச் சொல்வதுதான். அந்த வழியை அடைத்துவிட்டுக் குடும்பம் அமைதியாக இருக்கிறது என்று நாம் பெருமைப்படுகிறோம்.

இவற்றிலெல்லாம் என்னை அதிகம் வருத்துவது சிறு பிள்ளைகளின் நிலை. பெரியவர் சொன்னால் மறுக்கக்கூடாது என்று மட்டுமே கற்ற பிள்ளை, ஒரு பெரியவர் தவறான முறையில் தொட்டால் யாரிடம் போய் என்ன சொல்லும்? சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை நாடு முழுவதும் விளம்பரப்படுத்தலாம். ஆனால், பிடிக்கவில்லை, வேண்டாம், எனக்கு இப்படி நடந்தது என்று தன் வீட்டில் ஒருமுறையாவது சொல்லிப் பழகாத பிள்ளை அந்த இலக்கத்தை அழைக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது? ஆகவே, பிள்ளை எதிர்த்துக் கதைப்பதை 'வாய் காட்டுதல்' என்று ஏசுகிறவர்கள் தம் பிள்ளையின் பாதுகாப்பையும் சேர்த்தே குறைக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டில் கற்றது ஊருக்கும் போகிறது. எங்கள் பகுதிச் சங்கமொன்றின் பொதுக் கூட்டத்தில் ஓர் இளம் பெண் எழுந்து கட்டட நிதியின் கணக்கைக் கேட்டபோது, "பிள்ளை, நீங்கள் இருங்கோ, பெரியாக்கள் கதைக்கிறம்" என்று சொல்லி அவரை இருத்திவிட்டார்கள். அரசாங்கத்தின் எந்த அமைச்சிடமும் தகவல் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் நமக்கு உரிமை தந்திருக்கிறது. ஊர்ச் சங்கத்தின் பொருளாளரிடம் கேட்பதுதான் குற்றமாகிவிடுகிறது.

அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்குமான சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகிறது. எழுத்தாளருக்கு மட்டும் என்று அங்கே எழுதப்படவில்லை. 1992 ஜூலை 1ஆம் திகதி அரசாங்கத்துக்கு எதிராக 'ஜன கோஷா' என்ற பெயரில் மக்கள் மணியடித்தும் மேளம் கொட்டியும் பாத்திரம் தட்டியும் ஒலியெழுப்பினார்கள். அதைப் பொலிஸார் தடுத்தது பற்றிய வழக்கில், அப்படி ஒலியெழுப்புவதும் கருத்து வெளிப்பாடே என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ 1993இல் தீர்ப்பெழுதினார். சமையலறைப் பாத்திரத்தின் ஓசையையும் உரிமையாக ஏற்ற நாட்டில், அந்தச் சமையலறையில் நிற்பவரின் சொல்லுக்கு நாம் காது கொடுப்பதில்லை.

எதையும் எவரைப் பற்றியும் சொல்லலாம் என்று நான் வாதாடவில்லை. இணையத்தில் பெண்களின் படங்களைப் போட்டு இழிவு செய்வதும், ஒரு சமூகத்துக்கு எதிராக இன்னொரு சமூகத்தைத் தூண்டிவிடுவதும் பிறரை வாயடைக்கச் செய்யும் வேலைகள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் நமது மாவட்டத்தில் அதன் விளைவை எல்லோரும் அறிவோம். ஆயினும் அதைத் தடுப்பதாகச் சொல்லிக் கொண்டுவரப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கொடுத்து, அப்படியான கூற்றுகளுக்கு ஐந்தாண்டுவரை சிறையையும் விதிக்கிறது. அது பாராளுமன்றத்தில் நிறைவேறிய நாள் 2024 ஜனவரி 24. சுகிர்தராஜன் கொல்லப்பட்டு அன்றைக்கு 18 ஆண்டுகள். வைத்தியசாலையில் மருந்தில்லை என்று எழுதிவிட்டு, வீட்டார் பயப்படுகிறார்கள் என்பதற்காகப் பதிவை அழிக்கும் இளைஞர்களை நான் அறிவேன்.

அந்தச் சட்டத்தை மாற்றப் பாராளுமன்றம் வேண்டும். வீட்டிலும் சங்கத்திலும் உள்ள வழக்கத்தை மாற்ற நாமே போதும். எங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக் கூட்டத்தில் கணக்கு வாசித்த பின்னர், பெண்களும் இளையவர்களும் கேள்வி கேட்பதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்கப்பட வேண்டும் என்றும், அவர்கள் கேட்டதையும் கிடைத்த பதிலையும் கூட்ட அறிக்கையில் எழுத வேண்டும் என்றும் கடிதம் கொடுத்திருக்கிறேன். உப்புவெளியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் இதை வாசிக்கிறவர்கள் தத்தமது சங்கங்களுக்கு இதே கடிதத்தைக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.