கல்யாணம் அழகருக்காகக் காத்திருக்கவில்லை

நகரம் எரிகிறது. நரகத்துக்குத் திறந்த வாசலிலிருந்து அசுரர்கள் கொட்டுகிறார்கள். தடுப்புக்குப் பின்னால் நிற்கும் படைத்தலைவன் பதறுகிறான். 2006இல் வந்த ‘ஆப்ளிவியன்’ என்ற கணினி விளையாட்டில் இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? மூலிகை பறிக்கப் போய்விட்டேன். விளையாட்டுக் கணக்கில் இரண்டு மாதம் கழித்துத் திரும்பினால் அதே தீ, அதே தடுப்பு, அதே பதற்றம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காள் மகன், “கதையை எல்லாம் யார் மாமா பார்க்கிறார்கள்?” என்றான். நான் பார்க்கிறேனே!

மதுரைத் தல்லாகுளத்தில் வளர்ந்தவனுக்கு இது எளிதில் செரிக்காது. எங்கள் ஊர்க் கதையில், தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குத்தான் அழகர் மலையை விட்டுக் கிளம்புகிறார். வழியெல்லாம் மண்டகப்படி. சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றி நிற்பவர்களுக்கெல்லாம் முகம் காட்டிவிட்டு வைகைக்கு வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிடுகிறது. கோபத்தில் ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். கிளைக்கதையில் நின்றதற்கு மூலக்கதையில் விலை கொடுத்தாயிற்று. தனித்தனியாக நடந்த இரண்டு திருவிழாக்களைத் திருமலை நாயக்கர் சேர்த்த பிறகு பிறந்த கதை இது என்பார்கள். இருக்கட்டும், ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறதா பாருங்கள்.

விளையாட்டுகளில் அந்த ஒட்டு பல்லை இளிக்கிறது. காரணம் புரியாமல் இல்லை. ஆடுபவன் எதை முதலில் தொடுவான் என்று எழுதுபவருக்குத் தெரியாது; அதனால் ஒவ்வொரு குவெஸ்டும், அதாவது ஆடுபவனுக்குத் தரும் ஒவ்வொரு வேலையும், மற்றதை அறியாத தனித் தீவாகிவிடுகிறது. ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மந்திரம் போட்டு, மற்றதையெல்லாம் வாளால் வெட்டியே மந்திரக் கல்லூரியின் தலைவராகிவிடலாம். டிராகனைக் கொன்றவனைப் பார்த்தும் காவலாளி, உன் இனிப்பு ரொட்டியை யாரும் திருடிவிட்டார்களா என்று நக்கல் செய்வான்.

‘விட்சர் 3’ இன்னும் எரிச்சலூட்டும், ஏனென்றால் அதை உருவாக்கியவர்களுக்கு எழுதத் தெரியும். பாரன் என்ற பிரபுவின் குடும்பக் கதையில், ஒரு மரத்தடி ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்ற முடிவு, குழந்தைகளின் உயிரிலும் பாரனுடைய மனைவியின் கதியிலும் போய் விடிகிறது. அதே விளையாட்டில், வளர்ப்பு மகளைத் துரத்திக்கொண்டு ஒரு படையே வருகிறது. தேடிப் போகும் தகப்பனோ ஊர் ஊராகச் சீட்டாடலாம். ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை.

கதைக்குள் கடிகாரம் வைத்தால் ஆடுபவனின் சுதந்திரம் போய்விடும் என்று சண்டைக்கு வருவார்கள். எல்லா இடத்திலும் வைக்கச் சொல்லவில்லை. அவசரம் இல்லையென்றால் அவசரம் என்று கத்தாதீர்கள், அவ்வளவுதான்.

2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டில் தீப்பற்றிய சத்திரம் ஒன்று வரும். பழக்க தோஷத்தில், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று முகாமுக்குப் போய்த் தூங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது உள்ளே சிக்கியிருந்தவர்கள் செத்துக் கிடந்தார்கள். முன்பு சேமித்து வைத்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி ஆடலாம் என்றான் அக்காள் மகன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாம்பலுக்கு நடுவே கொஞ்ச நேரம் நடந்துகொண்டிருந்தேன்.