கட்டினால் மட்டும் போதுமா?

அரசுப் பள்ளிகளுக்குப் புதிய கட்டடங்கள் கட்டும் தமிழக அரசின் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் 5 ஆண்டுகளில் 18,000 வகுப்பறைகள், சுமார் 7,000 கோடி ரூபாய் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மிகவும் தேவையான செலவு, மனதார வரவேற்கிறேன். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததை எப்படி மறப்பது? அதற்கப்புறம்தான் மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள்.

ஆனால் கட்டுரை தொடாத ஒன்று பராமரிப்பு. புதுக் கட்டடத்துக்கு மூலதனச் செலவில் பணம் வரும், ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கியின் கடனும் கிடைக்கும். மொட்டை மாடியில் சருகு அடைத்த மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்ய யார் பணம் தருவது? அங்கே தேங்கும் தண்ணீர்தான் உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைக்கிறது, சிமென்ட் பூச்சு பெயர்ந்து பிள்ளைகள் தலைக்கு மேலே தொங்குகிறது. கிராமத்துத் தொடக்கப் பள்ளி என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு எழுத வேண்டும், மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறைக்கு. தலைமையாசிரியர் எத்தனை கடிதம்தான் எழுதுவார்?

கட்டடத்துக்கு ஒதுக்கும்போதே அதன் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையைச் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அது தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சேர்ந்து எடுத்துச் செலவழிக்கும்படி இருக்கட்டும். பருவமழைக்கு முன்பே, செப்டம்பருக்குள், கையில் கிடைத்தால்தான் பயன்.