ஆறடிப் பலகை பற்றி ஒரு திருத்தம்

"முதல் சர்ஃப் பலகை ஆறடி போதும், சின்னது என்றால் கையாள்வது சுலபம்" என்று ஒருவர் சொல்லியிருப்பது, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடக்கும்வரைதான் உண்மை. தண்ணீரில் நேர்மாறு. ஆறடி ஷார்ட்போர்டின் (குட்டையான, மெல்லிய சர்ஃப் பலகை) கன அளவு பெரும்பாலும் 30 லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். 70 கிலோ ஆள் படுத்தால் அமிழ்ந்துவிடும். கை ஓயத் துழாவினாலும் வேகம் வராது, அலை அடியில் நழுவிப் போய்விடும். எட்டடி ஃபோம் பலகையில் அந்த அளவு இரண்டு மடங்குக்கு மேல். கோவளத்தில் கரையோர நுரை அலைகூட அதைத் தள்ளிக்கொண்டு போகும். நிதானமாக எழுந்து நிற்கலாம். அப்புறம், விழும்போது தலையில் இடிப்பது கெட்டியான ஃபைபரா மெத்தென்ற ஃபோமா என்பதும் இருக்கிறது. (என் புருவத் தழும்பு ஃபைபர்.) வாங்கும் முன் நாலைந்து நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.